பட்டன் புதுசு, பக்கம் கிழிசல்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியாவின் அவுட்பேக், அதாவது ஆள் நடமாட்டம் குறைந்த உள்நாட்டுப் பகுதியின் மண்சாலைகளில் ஓட்டுவதற்கு டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பட்டனைத்தான், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளைத்தான் தடவிப் பார்ப்பார்கள். 2019 வரை நானும் அப்படித்தான்.

அந்த வருஷம் ஊட்னடாட்டா பாதையில் போனோம். தெற்கு ஆஸ்திரேலியாவில், மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். வில்லியம் கிரீக்கை நெருங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பட்டன் புத்தம் புதுசு. பக்கவாட்டில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். உள்ளே நூல் தெரிகிறது. கல்லின் வேலை. ஓட்டையை அடைக்கும் பஞ்சர் குச்சி அந்த இடத்தில் நிற்காது.

அதனால் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அளவோடு 'எல்டி' என்று இருந்தால் லைட் டிரக் வகை, கூடு கனமானது. கொஞ்சம் குலுக்கும், டீசலும் கூடக் குடிக்கும். குடித்துவிட்டுப் போகட்டும். ரிம் பெரிதானால் பக்கவாட்டு ரப்பர் குறையும். 20 அங்குல ரிம் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தத்தான் அழகு. 16, 17 போதும்.

மட் டெரைன், அதாவது சேற்றுக்கான பெரிய பட்டன் டயர் வேண்டுமா என்று கேட்பார்கள். மழை பெய்தால் அந்தப் பாதைகளையே மூடிவிடுவார்கள். அங்கே போய்ச் சேர நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தார்ச்சாலை வேறு. வழி முழுக்க டயர் ஊளையிடும். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைனே சரி.

அப்புறம் காற்று. அன்று நான் தார்ச்சாலைக்கு வைத்த 38 பிஎஸ்ஐயோடு கல்லில் ஏறியிருந்தேன். விறைப்பான டயர் கல்லோடு மோதும். 28 அளவுக்கு இறக்கினால் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். ஆனால் அப்படி வளைந்து வளைந்தே டயர் சூடாகும், ஆகவே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். தார் வந்ததும் திரும்ப நிரப்ப ஒரு கம்பிரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

சரி, ஸ்டெப்னியை மாட்டினேன். ஒரு நாளும் ஓடாத டயர். திருகாணியை முடுக்கும்போதுதான் அதன் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் கண்ணில் பட்டது: 1109. அதாவது 2009-ஆம் வருஷம் 11-ஆவது வாரம் செய்தது. பத்து வயசு. விரல் நகம் இறங்காத அளவுக்கு ரப்பர் இறுகிக் கிடந்தது. மார்லாவுக்கு இன்னும் 400 கிலோமீட்டர் சொச்சம். அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன், வண்டியில் யாரும் பேசவில்லை.