யாருக்கு எந்த நூல்?

(மன்னார்குடியில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், நூலகப் பணியாளர்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

தை பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் சம்பா அறுவடையும் கல்யாணங்களும் ஒன்றாக வந்து சேரும். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களும் அவற்றை ஒட்டியே வரும். பரிசு வாங்கும் காலம் இது என்பதால்தான், கதையோ கவிதையோ அல்லாத நூல்களை யாருக்கு எப்படிப் பரிசளிப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு வாசகர் வட்டத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த ஊரில் நின்று புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் மேலவாசலை நினைக்காமல் தொடங்கக் கூடாது. 1931ஆம் ஆண்டில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பிய நடமாடும் நூலகம் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதே 1931இல்தான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் நூலக அறிவியலுக்கு வகுத்த ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. அவற்றுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகருக்காக எழுதப்பட்ட இந்த மூன்று விதிகளையும் பரிசு கொடுப்பவருக்கு அப்படியே பொருத்திக்கொள்ளலாம் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

புத்தகக் கண்காட்சிகளில் கடைக்குள் நின்று விற்றுப் பழகியவன் என்ற முறையில், நான் அடிக்கடி எதிர்கொள்ளும் உரையாடல் ஒன்று உண்டு. "நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க சார், மாமாவுக்குக் குடுக்கணும்" என்பார் வந்தவர். மாமா என்ன செய்கிறார் என்று கேட்டால், "ரிட்டயர்டு" என்று பதில் வரும். ஓய்வு பெற்றது ஒரு ரசனையா? அவர் காலையில் எழுந்ததும் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவரா, கோயில் கோயிலாகச் சுற்றுகிறவரா, கச்சேரி என்றால் பஸ் பிடித்துப் போகிறவரா என்று தோண்டிக் கேட்டால், வந்தவர் சற்று யோசித்துவிட்டு, "அது தெரியாது, ஏதாவது உபயோகமா இருக்கட்டும்" என்பார். இந்த 'உபயோகம்' என்ற எண்ணம்தான் பரிசைக் கெடுக்கிறது. பெறுகிறவரைத் திருத்துவதற்காகக் கொடுக்கப்படும் நூலை அவர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்கிறார். அறிவுரையை அட்டை போட்டுக் கொடுத்தாலும் அறிவுரைதானே? பள்ளிப் பரிசளிப்பில் ஆண்டுதோறும் 'அக்னிச் சிறகுகள்' வாங்கி, வீட்டில் அதையே மூன்று பிரதி வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்த நூலின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. யாரைப் பற்றியும் யோசிக்காமல் வாங்கப்படுகிறதே என்பதுதான் குறை. தாம்பூலப் பையில் வைத்து வந்தவர் அனைவருக்கும் ஒரே நூலைக் கொடுப்பதும் இதே வகைதான். தேங்காயைத் தவிர்த்துவிட்டு நூல் கொடுக்க முன்வந்த மனம் பெரியது. ஆனால் ஐந்நூறு பேருக்கும் பொருந்தும் நூல் என்று ஒன்று கிடையாது.

பொருந்திய நூல் ஒருவரை என்ன செய்யும் என்பதற்குக் கும்பகோணத்தை விடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன் கைக்குப் பதினைந்து பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கல்லூரி நூலகத்திலிருந்து வந்து சேர்ந்தது. அது பெரிய மேதை எழுதிய நூல் அன்று; கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த ஓர் ஆசிரியர், ஏறக்குறைய 5,000 தேற்றங்களையும் வாய்பாடுகளையும், பெரும்பாலும் நிறுவல்களை விரித்துக் காட்டாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தார். வேறொரு பையன் அதை இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்திருப்பான். விடுபட்டுப்போன நிறுவல்களைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே இராமானுஜனை அதனோடு கட்டிப்போட்டது. மற்ற பாடங்களை மறந்து உதவித்தொகையை இழந்ததும் அந்தப் பித்தினால்தான். இங்கே நான் கவனிக்கச் சொல்வது நூலின் தரத்தை அல்ல. படிப்பவர் நின்ற இடத்துக்கும் நூல் தொடங்கிய இடத்துக்கும் இடையில் இருந்த அளவான தூரத்தை. முழுதும் தெரிந்ததைச் சொல்லும் நூல் அலுக்கும். முற்றிலும் அந்நியமானது மிரட்டும். தெரிந்ததற்கு அடுத்த வீட்டில் இருப்பதே பரிசுக்கு உரியது.

இதே ஊரில் அதற்கு முன்பே இன்னொரு கைமாற்றம் நடந்திருந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் கற்றவற்றை இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் முகத்தில் வியப்பு என்பதே தோன்றவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்றுதான் அவர் கேட்டார். பின்னர் சிந்தாமணிப் பிரதியைத் தேடி வருவித்துக் கொடுத்தவரும் அவரே. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியதற்கு முதல் காரணம் அந்தப் பிரதிதான். எதிரில் இருப்பவர் எதைப் படித்திருக்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் படிக்காததைக் கொடுத்தாரே, அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தச் சந்திப்பு விரிவாக வரும், சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' என்ற நூலையே முதல் பரிந்துரையாக வைக்கிறேன். 'அவ்வளவு பெரிய புத்தகமா' என்று தயங்குவோர் உண்டு. ஆனந்த விகடனில் 1940 முதல் வாரந்தோறும் தொடராக வந்தது அது. ஆகையால் 122 அத்தியாயங்களும் ஒவ்வொரு வேளைக்கு அளந்து வைத்தவை. கண்பார்வை மங்கிய முதியவருக்கு யாராவது ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். உத்தமதானபுரம், பாபநாசம், திருவாவடுதுறை, பட்டீச்சரம் என்று வரும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் நமக்குப் பஸ் நிறுத்தங்கள் என்பதால், வெளியூர் வாசகருக்கு இல்லாத ஒரு சொந்தம் நமக்கு அதில் உண்டு. 1942இல் ஆசிரியர் மறைந்ததால் அது முடிவு பெறாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விவசாயிக்கு என்ன கொடுப்பது? வேளாண் கையேடு வேண்டாம். மூன்றாம் பக்கத்துக்குள் அவர் அதில் ஐந்து பிழைகள் கண்டுபிடித்து மூலையில் வைத்துவிடுவார். ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் கிடைக்கிறது. அதைக் கொடுத்துப் பாருங்கள். உழாமல், நாற்று விடாமல், களிமண்ணில் பொதிந்த விதைநெல்லை வயலில் வீசி, அறுத்த பயிரின் வைக்கோலையெல்லாம் வயலுக்கே திருப்பிப் பரப்பியவர் அவர். நம்மவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, அப்படியானால் மாட்டுக்கு எதைப் போடுவது என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் நாள் எங்கே இருக்கிறது என்பது. இரண்டுமே நியாயமான கேள்விகள். இப்படிச் சண்டைக்கு இழுக்கும் நூல்தான் தொழில் தெரிந்தவருக்கு ஏற்றது. அதோடு கோ. நம்மாழ்வாரின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், இளங்காட்டில் பிறந்தவர் நம் வயலில் நின்று சொல்லும் பதில்களும் கிடைக்கும்.

ஆற்றைப் பற்றி அக்கறை உள்ளவருக்கு, அவர் எத்தொழில் செய்பவரானாலும், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யைக் கொடுக்கலாம். தேவங்குடிக்காரரான ஜானகிராமனை நாவல்களின் வழியாக அறிந்தவர்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். அவருடைய பயண எழுத்தைப் படித்தவர்கள் குறைவு. குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றங்கரையாகவே போகும் அந்த நூல், மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது என்ற ஒரே செய்தியாக நம் நாளிதழ்களில் சுருங்கிப்போன காவிரியை மறுபடியும் மனிதர்களும் ஊர்களும் சாப்பாடும் நிறைந்த ஆறாகக் காட்டுகிறது.

கோயிலுக்குப் போகிறவருக்குத் தலபுராணம் வேண்டிய அளவு கிடைக்கிறது. அவருக்குக் கல்வெட்டைக் கொடுங்கள் என்பது என் கட்சி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிக் குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதிய 'இராஜராஜேச்சரம்' கனமான நூல்தான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வருகிறவருக்குக் கல் பேசத் தொடங்கும். "நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" விமானத்தில் வெட்டுக என்று இராஜராஜன் ஆணையிட்டதன் பயனாக, யார் எதைக் கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. கோயிலில் ஆடல் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெருச் சிறகில், அதாவது எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் அங்கே இருக்கின்றன. திருவாரூரிலிருந்து போனவர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. திருவாரூர்க்காரர் ஒருவருக்கு இந்த ஒரு பகுதியை மட்டும் காகிதத் துண்டு வைத்து அடையாளமிட்டுக் கொடுத்தாலே போதும். நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' அதற்கு அடுத்த கட்டம். இரண்டு பெரிய தொகுதிகளை முதல் பரிசாகக் கொடுத்து ஒருவரை அச்சுறுத்த வேண்டாம். அரங்கநாதனின் நான்காம் விதி இங்கேதான் வருகிறது.

இசைப் பித்தர்களுக்குப் பி.எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்'. நாகசுர, தவில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் அடங்கிய தொகுதி இது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய நூல். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தை அதே தட்டில் வைக்க மாட்டேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் சுருதிக் கணக்குகள் ஓடும் நூல் அது. நூறு ரசிகரில் ஒருவருக்கே ஆகும், ஆனால் அந்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கோடியக்கரையில் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டு வந்து ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளைக்குத் தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகள். டிகிரி காப்பியைப் பற்றிப் பெருமை பேசுகிறவருக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. தலைப்புக் கட்டுரை ஒன்றே காப்பியைப் பற்றியது என்றாலும், அதைப் படித்தவர் மற்றவற்றை விட மாட்டார். கணக்கில் விருப்பமுள்ள கல்லூரிப் பெண்ணுக்கு, ராபர்ட் கனிகல் எழுதிய இராமானுஜன் வரலாற்றின் தமிழாக்கமான 'அனந்தத்தை அறிந்தவன்'. புத்தகமே படிப்பதில்லை என்று சொல்கிறவருக்குத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. மெலிந்த நூல், உணவு, உறவு, சடங்கு என்று நம் வீட்டுக்குள்ளேயே சுற்றிவருவது, எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் குற்றமில்லை.

கொடுக்கும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுக்கப்போகும் நூலில் ஓர் அத்தியாயமாவது நீங்கள் முதலில் படித்திருங்கள். ஏன் இந்த நூல், ஏன் உங்களுக்கு என்று முதல் பக்கத்தில் தேதியோடு ஒரே வரி எழுதுங்கள். 'அன்பளிப்பு' என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு கொடுத்த பிறகு, "படிச்சாச்சா?" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்காதீர்கள், கடன் கொடுத்தவர் கேட்பதுபோல் அது ஒலிக்கும். பிள்ளைகள் ஆங்கில வழியில் படித்துத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் வீடுகளில், பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறிய நூலாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால்தான் படிப்பான் என்றால் ஆங்கிலத்திலேயே வாங்கிக் கொடுங்கள், அதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பெறுகிறவருடைய ரசனை சரியாகத் தெரியாதபோது, கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்டு, பில்லை நூலுக்குள் வைத்துக் கொடுத்துவிடலாம். விலை தெரிந்துவிடுமே என்று சங்கடப்படுவோர் உண்டு. நூலின் பின்னட்டையிலேயே விலை அச்சிட்டுத்தானே இருக்கிறது!

எந்த உறவினருக்கு, எந்த நண்பருக்கு என்று குறிப்பிட்டுக் கேட்பவர்கள் இப்போது கேட்கலாம். அவர் வயதைச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கமாக என்ன செய்துகொண்டிருப்பார் என்று சொல்லுங்கள்.