ஸ்ட்ரைசாண்ட் யாரிடம் பாடுகிறார்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு நான்கைந்து கேள்விகளை எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1985இல் வெளியிட்ட 'த பிராட்வே ஆல்பம்' என்ற, நியூயார்க்கின் பிராட்வே இசை நாடக மேடைப் பாட்டுகளின் தொகுப்பை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். "குரல் அருமையான குரல்தான், ஆனால் எந்தப் பாட்டிலும் இவர்தான் நிற்கிறார், பாட்டு எங்கே?" என்று கேட்டாராம் கணவர். கல்லூரியில் படிக்கும் மகள், "மேடையில் பாடினவர்கள் பாடியதைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் சர்க்கரை கூடிப்போன காபி மாதிரி இருக்கிறது" என்றாளாம். இவருக்கோ இரண்டு இடத்தில் கண்ணீர் வந்துவிட்டது. "மூன்று பேரில் யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார்.

அம்மா, நாற்பது வருடமாக இந்தத் தொகுப்பைக் கேட்டவர்கள் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இந்த மூன்றுதான். அவ்வளவும் உங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கேள்வியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

பழைய நேயர்களுக்கு அடுத்து நான் என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும். மைக் வந்த பிறகு பாட்டு எப்படி மாறியது என்று பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். நாடகப் பாட்டைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது, யாரிடம் பாடுகிறார் என்பது. சினிமாப் பாட்டு காற்றோடு பாடலாம், பாப் பாட்டு உலகத்தையே பார்த்துப் பாடலாம். நாடகப் பாட்டில் எதிரே ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள் சற்றுமுன் ஏதோ சொல்லியிருப்பார், அதற்குப் பதிலாகத்தான் பாட்டே பிறக்கும். பாட்டைக் காட்சியிலிருந்து பிய்த்து ஒலித்தட்டில் வைத்தால் அந்த எதிராளி காணாமல் போகிறார். அவர் இடத்தில் யாரை நிறுத்துவது? உங்கள் வீட்டுச் சண்டை மொத்தமும் இதில்தான் இருக்கிறது.

'செண்ட் இன் த க்ளௌன்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதி இசையமைத்த ஸ்டீபன் சோண்டைம் 1973இல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' நாடகத்துக்கு எழுதியது, அதுவும் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது கடைசி நேரத்தில். டெசிரே என்ற நடிகை, வயது ஏறிக்கொண்டிருக்கும் பெண், பழைய காதலன் ஃப்ரெட்ரிக்கிடம் தன் மனதைத் திறக்கிறாள். அவனோ தன் இளம் மனைவியை விட்டு வர முடியாது என்கிறான். அப்போது பாடுகிறாள். கோமாளி என்றால் சர்க்கஸ் கோமாளி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காட்சி சரியாகப் போகவில்லை என்றால் கோமாளிகளை அனுப்பிச் சமாளியுங்கள் என்பது நாடகக்காரர் பேச்சு. நடிகை அல்லவா, அவளுக்கு அந்தப் பேச்சுதான் வாயில் வரும்.

முதலில் இதைப் பாடியவர் கிளினிஸ் ஜான்ஸ். சற்றே கரகரத்த, அழகான குரல், ஆனால் ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வராது. சோண்டைம் என்ன செய்தார் தெரியுமா? வரிகளைச் சின்னச் சின்னதாக வெட்டினார். பெரும்பாலும் கேள்வி, கேள்வி முடிந்ததும் மூச்சு. இன்றைக்கு நாம் அதைக் கேட்டு, 'எவ்வளவு உடைந்துபோய்ப் பாடுகிறாள்' என்று உருகுகிறோமே, அந்த உடைசல் ஒரு நடிகையின் மூச்சளவிலிருந்து வந்தது.

இப்போது ஸ்ட்ரைசாண்டுக்கு வாருங்கள். மூச்சு என்ற பிரச்சினையே இல்லாத குரல். எந்த ஸ்வரத்தையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிப்பார். அப்படிப்பட்டவர் மூச்சுக் குறைந்தவருக்காகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டால் சில இடம் இறுக்கும், சில இடம் தொளதொளக்கும். உங்கள் மகள் காதில் விழுவது அதுதான். அவள் காது நல்ல காது அம்மா, அவளை விட்டுவிடாதீர்கள், நிறையக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஸ்ட்ரைசாண்ட் இன்னொன்று செய்தார். மேடையில் அந்தப் பாட்டு நடுவில் நிற்கும். இருவரும் பேசுவார்கள், ஃப்ரெட்ரிக் போய்விடுவான், அதன் பிறகுதான் கடைசி வரிகள். வெறும் பாட்டாகக் கேட்டால் அங்கே ஒரு பள்ளம், மனம் எப்படி இங்கிருந்து அங்கே தாவியது என்று புரியாது. எத்தனையோ பேர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துப் பாடிவிட்டார்கள். ஜூடி காலின்ஸ் பாடியது பெரிய வெற்றி, 1976இல் பாட்டுக்கு கிராமி விருதே கிடைத்தது. ஸ்ட்ரைசாண்டுக்கு அந்த இடம் உறுத்தியது. சோண்டைமிடமே கேட்டார். பேச்சு இருந்த இடத்தை நிரப்ப அவர் புது வரிகள் எழுதிக் கொடுத்தார். போய்விட்ட ஃப்ரெட்ரிக்கின் நிழலை அந்த வரிகள் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. எதிராளி இல்லை என்று உணர்ந்து, எழுதியவரிடமே போய்க் கேட்ட பாடகியைப் பாட்டை மறந்தவர் என்று எப்படிச் சொல்வது? இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இங்கே என் கதை ஒன்று. என் சித்தப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது இந்தத் தொகுப்பின் கேசட்டைக் கொண்டுவந்தார். போட்டதும் பாட்டு வரவில்லை, ஆண்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே யாரோ வேறு எதையோ பதிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்து ஓட்டிவிட்டேன். ஒரு வருடம் அந்தப் பேச்சை ஓட்டி ஓட்டியே கேட்டேன். பிறகு ஒரு நாள் மழை, கரண்டு இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஓட்டாமல் விட்டேன். அப்போதுதான் காதில் விழுந்தது. இது யாருக்கு விற்கும், இதெல்லாம் பாப் பாட்டா என்கிற ரீதியில் பேசுகிறார்கள். அந்தக் குரல்களில் ஒன்று சிட்னி போலாக், 'த வே வீ வேர்' படத்தில் ஸ்ட்ரைசாண்டை இயக்கியவர். இன்னொன்று இசைத்தட்டு முதலாளி டேவிட் கெஃபன்.

உண்மையிலேயே அந்தச் சமயம் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கொடிகட்டிப் பறந்த 1985இல் நாடகப் பாட்டா என்று. அந்தத் தயக்கத்தையே ஸ்ட்ரைசாண்ட் தொகுப்பின் முதல் பாட்டாக்கிவிட்டார். 'புட்டிங் இட் டுகெதர்' 1984இல் மேடைக்கு வந்த நாடகத்தின் பாட்டு. அதில் ஒரு கலைஞன் பணம் கொடுப்பவர்களிடம் சிரித்துப் பேசி அலைகிறான். சோண்டைம் அதையும் பாட்டுத் தொழிலுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றி எழுதிக் கொடுத்தார். இங்கே எதிராளி யார்? அந்த ஆண்கள்தான்! நான் ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தது அந்த எதிராளிகளையே. அப்புறம் என்ன, 1986 ஜனவரியில் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்கான பிளாட்டினச் சான்றிதழ்.

சரி, கண்ணீர். எந்த இரண்டு இடம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று 'நாட் வைல் ஐம் அரௌண்ட்' ஆக இருக்கும் என்பது என் ஊகம். 1979இல் வந்த 'ஸ்வீனி டாட்' நாடகப் பாட்டு. டோபி என்கிற அநாதைச் சிறுவன் லவெட் அம்மாளிடம் பாடுகிறான், உனக்கு ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று. அவளே கொலையில் கூட்டாளி என்பது அவனுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். குலை நடுங்கும் காட்சி. ஸ்ட்ரைசாண்ட் அந்தப் பயங்கரத்தை முழுக்க எடுத்துவிட்டார். ஒரு தாய் பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி பாடுகிறார். நாடகம் தெரிந்தவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் எதிராளி இருக்கிறார் பாருங்கள், ஆள்தான் மாறியிருக்கிறார். மடியில் ஒரு குழந்தை இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அழுகை வந்தது.

இதே தொகுப்பில் உள்ள 'சம்வேர்' பற்றி முன்பு ஒரு பேச்சில் கடுமையாகச் சொன்னேன், சிந்தசைசரைப் பரப்பி வானத்தைப் பார்த்துப் பாடுகிறார் என்று. அதில் பாதியை இன்றைக்குத் திரும்பப் பெறுகிறேன். 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மேடையில் அதைக் கனவுக் காட்சியில் ஒரு பெண் குரல்தான் பாடியது, காதலர்களான டோனியும் மரியாவும் பாடவில்லை. அப்படிப் பார்த்தால் இந்தப் பதிவுக்கு டேவிட் ஃபாஸ்டர் என்ற தயாரிப்பாளர் செய்த அந்த ஆகாச இசைக்கு நியாயம் உண்டு. மீதிப் பாதியை விடமாட்டேன். நாடகத்தின் முடிவில் சாகிற டோனியை ஏந்திக்கொண்டு மரியா அதே வரிகளை இசைக்குழு இல்லாமல் மெல்லப் பாடுவாள். அந்த மெல்லிய குரலைக் கேட்டவனுக்கு இந்தப் பதிவின் பிரம்மாண்ட முடிவு ஒட்டாது. இந்த ஒரு பாட்டில் உங்கள் வீட்டுக்காரர் கட்சி நான்.

யார் சரி என்று கேட்டீர்கள். அதைவிட 'பீயிங் அலைவ்' பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்று இருந்தது எனக்கு. 1970இல் வந்த 'கம்பெனி' நாடகத்தில் ராபர்ட் அதைப் பாடுகிறான். 35 வயது, கல்யாணம் ஆகாதவன். முதலில், உன்னை இறுக்கிப் பிடிக்க ஒருத்தர், உன் தூக்கத்தைக் கெடுக்க ஒருத்தர் என்று குறை சொல்கிற மாதிரிதான் போகும். பாதியில் 'உன்னை' என்பது 'என்னை' ஆகிவிடும். என்னைப் பிடித்துக்கொள், என் தூக்கத்தைக் கெடு. குறையாகச் சொன்னதையே வேண்டுதலாகக் கேட்கிறான், இன்னும் வராத ஒரு மனிதரிடம். எதிராளியே இல்லாத பாட்டு, எதிராளிக்காக ஏங்கும் பாட்டு. ஸ்ட்ரைசாண்ட் அந்த மாற்றத்தை எப்படிக் கையாள்கிறார்? இன்று ராத்திரி மூன்று பேரும் இந்த ஒரு பாட்டை மட்டும் கேளுங்கள். 'என்னை' வரும் இடத்தில் குரல் முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்று தனித்தனியாகக் குறித்து எனக்கு எழுதுங்கள். மகளிடம் ராபர்ட்டாக முதலில் நடித்த டீன் ஜோன்ஸ் பதிவையும் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து.