சாவித்திரியாக நடிப்பதும் சாவித்திரியின் நடிப்பும்

பெரியோர்களே, நண்பர்களே,

ஒரு நட்சத்திரத்தின் வாழ்க்கையைப் படமாக்க முனைகிறவர்களுக்கு முதலில் வரும் கவலை முகச்சாயல். ஆள் கிடைத்ததும் சேலை, கொண்டை, பழைய கார் என்று பணம் ஓடுகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த தொழில் நடிப்பு. அதைக் காட்டாத படம் காதல், கல்யாணம், குடி, மரணம் என்று யாருடைய கதையாகவும் ஆகிவிடும்.

நடிகை சாவித்திரியின் வாழ்க்கையை வைத்து 2018இல் நாக் அஸ்வின் இயக்கிய ‘நடிகையர் திலகம்’ படத்தில் ‘மாயா பஜார்’ படப்பிடிப்பு வருகிறதே, அதைக் கவனியுங்கள். 1957இல் வந்த அந்தப் படத்தில் கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவின் உருவெடுத்துக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறான். கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் மிடுக்கைச் சாவித்திரி தன் உடம்பில் ஏற்றிக் காட்ட வேண்டும்; யாராவது பார்த்தால் உடனே மணப்பெண்ணாகக் குழைய வேண்டும். கீர்த்தி சுரேஷுக்கோ இதற்கு மேல் இன்னோர் அடுக்கு: அவர் சாவித்திரி, சாவித்திரி வத்சலா, வத்சலாவுக்குள் கடோத்கஜன். அந்த ஆண்டின் தேசிய விருது அவருக்குப் போனது நியாயம்.

இப்படிப்பட்ட காட்சிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் மூலப் படத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஷாட் ஷாட்டாகப் பார்ப்பது நல்லது. பார்வை எப்போது திரும்புகிறது, வசனத்துக்கு முன் மூச்சு எங்கே நிற்கிறது, தோள் எப்போது தளர்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கேமராவின் உயரமும் ஒளி விழும் திசையும் மாறினால், நடிப்பு சரியாக இருந்தும் காட்சி ஒட்டாது.

பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படச்சுருள். அதனால் நடிகர் வீட்டுச் சமையலறையிலும் பட வசனம் பேசும் குரலிலேயே பேசுகிறார். பேட்டிகளின் ஒலிப்பதிவு, வீட்டுப் புகைப்படங்கள், உடன் வேலை செய்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து இரண்டாவது குரலைத் தனியே உருவாக்க வேண்டும். இல்லையென்றால் மிமிக்ரிதான் மிஞ்சும்.

பிறப்பு முதல் இறப்பு வரை மூன்று மணி நேரத்தில் திணிப்பதும் ஆபத்து. அமெரிக்க நடிகையும் பாடகியுமான ஜூடி கார்லண்ட் பற்றிய 2019ஆம் ஆண்டுப் படம் அவருடைய கடைசிக்கால லண்டன் மேடைகளைப் பிடித்துக்கொண்டது. ஜூடியாக நடித்த ரெனே ஜெல்வெகர் தானே பாடினார். களைத்த தொண்டையிலேயே முழு வாழ்க்கையும் தெரிந்துவிடுகிறது.

யார் சொல்லிக் கதை எழுதப்படுகிறது என்பதும் முக்கியம். இந்தி நடிகர் சஞ்சய் தத்தை வைத்து வெற்றிப் படங்கள் எடுத்த ராஜ்குமார் ஹிரானியே அவருடைய வாழ்க்கைக் கதையான ‘சஞ்சு’வை இயக்கினார், நடிகரின் முதல் மனைவியும் மூத்த மகளும் அதில் இல்லை. ‘நடிகையர் திலக’த்துக்குச் சாவித்திரியின் மகள் துணை நின்றார், சாவித்திரியின் கணவர் ஜெமினி கணேசனைக் காட்டிய விதத்தை, ஜெமினியின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் ஒருவர் வெளிப்படையாக மறுத்தார். 1997இல் எம்.ஜி.ஆர்., கருணாநிதி ஆகியோரின் வாழ்க்கையைத் தழுவிய ‘இருவர்’ பெயர்களை மாற்றிக்கொண்டு இந்தக் கட்டுகளிலிருந்து ஓரளவு விலகியது.

சாவித்திரி 1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாபலு’வை இயக்கினார். 1971இல் தமிழில் ‘பிராப்தம்’ படத்தைச் சிவாஜியோடு தானும் நடித்து, தயாரித்து, இயக்கினார். இந்த முயற்சிகளைக் கடனுக்கும் வீழ்ச்சிக்கும் காரணமாக மட்டும் காட்டினால் போதாது. கேமராவுக்குப் பின்னால் நின்று அந்தப் பெண் ஒரு ஷாட்டை எப்படித் தீர்மானித்தார், சிவாஜிக்கு என்ன சொல்லியிருப்பார் என்பதையும் அடுத்து எடுக்கிறவர்கள் காட்ட வேண்டும்.