பார்த்ததும் அழிச்சிடுவாங்களா?

"ஒரு தளத்துல வயசைச் சரிபார்க்க ஆதார் படம் கேட்கிறாங்க. பார்த்ததும் அழிச்சிடுவோம்னு போட்டிருக்கு. நம்பி அனுப்பலாமா?" நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார். ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மனசுல ஓடுது.

வேற வழி இருந்தா அனுப்பாதீங்க. அழிப்போம்னு சொல்றது பொய்யின்னு சொல்ல வரலை. படம் போற பாதை ஒண்ணு மட்டும் இல்லை. 2025 அக்டோபர்ல டிஸ்கார்ட்ங்கிற அரட்டைச் செயலி நிறுவனம், சுமார் 70,000 பேரோட அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிய போயிருக்கலாம்னு அறிவிச்சுது. போனது, வாடிக்கையாளர் புகாரைக் கவனிச்ச வெளி நிறுவனத்துகிட்ட இருந்து. அங்கே அட்டை எப்படிப் போகும்னா, முகத்தைப் பார்த்து வயசு கணிக்கிற மென்பொருள் ரெண்டு மூணு வருஷம் முன்னப்பின்ன சொல்லும். 19 வயசுக்காரரை அது 17-னு கணிச்சுட்டா, தப்புன்னு அவர் முறையிடணும். முறையிட அட்டையை அனுப்பணும். அது புகாரோட இணைப்பா அங்கேயே கிடக்கும்.

அனுப்பியே தீரணும்னா, பிறந்த தேதியும் போட்டோவும் தவிர மத்ததை மூடிக் கொடுத்துப் பாருங்க. எண்ணை மறைச்சுட்டுப் பலரும் கியூஆர் கட்டத்தை விட்டுடறாங்க. பேர், முகவரி, போட்டோ எல்லாம் அதுக்குள்ள இருக்கு, ஸ்கேன் பண்ணினா வந்துடும். போன்ல இருக்கிற ஹைலைட்டர் பேனாவால தீட்டாதீங்க. வெளிச்சத்தைக் கூட்டினா அடியில இருக்கிற எண் தெரியும். கெட்டியான கறுப்புக் கட்டம் வச்சு மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்க.

ஆனா பேர் எதுக்குங்க? வழக்கமா பார்க்கிறவங்களுக்குத் தெரியும், இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 18 ஆச்சான்னா ஆமா, இல்லை, அவ்வளவுதானே பதில்! பிரான்ஸ்ல ஆபாசத் தளங்களுக்கு, அங்க ஊடகங்களைக் கண்காணிக்கிற ஆர்காம் அமைப்பு வகுத்த விதி 2025-ல நடைமுறைக்கு வந்தது. இரட்டை அநாமதேய முறை ஒண்ணாவது இருக்கணும். அதாவது, நீங்க யாருன்னு தளத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு, உங்க வயசைப் பார்த்துச் சான்று தர்றவருக்குத் தெரியாது. தளம் சான்றுல உள்ள மின் கையொப்பத்தைத் தானே சோதிச்சுக்கலாம். ஒவ்வொரு தடவையும் சான்று தந்தவரையே கேட்டா, எந்த ராத்திரி எந்தத் தளம்னு அவர்கிட்ட ஒரு பட்டியல் சேர்ந்துடும். ஒரே சான்றை ரெண்டு தளத்துல காட்டினாலும் ஆபத்து. ரெண்டும் ஒப்பிட்டா ஒரே ஆள்னு தெரிஞ்சிடும். அதனால ஒரு தடவைக்கு ஒண்ணு, சினிமா டிக்கெட் மாதிரி. கிழிச்சா முடிஞ்சுது.

நம்ம ஊர்ல 2025 நவம்பர்ல வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களோட தரவைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் கேட்குது. அந்தப் பெற்றோர் வயசு வந்தவர்தானான்னும் பார்க்கணும். அதுக்குச் சான்றா டிஜிலாக்கர் வழியா ஒரு மின் டோக்கன் தரலாம். அந்த டோக்கன்ல வயசு மட்டும் போகுதா, பேரும் சேர்ந்து போகுதான்னு, சம்மதம் கொடுக்கிற பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி அந்தத் திரையில படிச்சுப் பாருங்க.