அறிவுரையை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்

நண்பர்களே, வணக்கம். மனநல நெருக்கடியில் தவிப்பவர்களுக்குத் துணை நிற்கும் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பயிற்சிக் கையேட்டில் இருப்பதைத் திரும்பச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை.

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கினார். நேரிலும் வரலாம். ஆலோசனை சொல்வது அவர் பொறுப்பு. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பது தொண்டர்கள் பொறுப்பு. நடந்ததோ வேறு. தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே பாரம் குறைந்து திரும்பினார்கள். மறு ஆண்டே அவர் அந்தப் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்த கதை இது. என்னைக் கேட்டால், நம் வேலைக்கு இலக்கணம் வகுத்தது அந்தக் காத்திருப்பு அறைதான்.

ஆனால் நமக்கு நாக்கு சும்மா இருப்பதில்லை. “உங்களைவிடக் கஷ்டப்படுபவர்கள் எத்தனை பேர்!” என்று தொடங்கிவிடுகிறோம். இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். அடுத்தவர் துயரத்துக்குத் தராசு பிடிக்க நாம் யார்?

ஒருவர் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதற்கும் பதில் இல்லை. அவர் தலைக்கு மேல் குனிந்து நிற்காதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார வேண்டாம். “கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு காத்திருங்கள். பதில் வர ஐந்து நிமிடமும் ஆகலாம். எல்லாமே கைமீறிப் போய்விட்டதாக உணர்பவருக்கு, அந்தக் கதவாவது அவர் சொல் கேட்கிறது.

தற்கொலை பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். “அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லையே?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். “தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. “ஆமாம்” என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். உயிராபத்து நெருங்கியிருந்தால் தனியே விடாதீர்கள். பொறுப்பு மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தற்கொலை எண்ணத்தின் வேகம் பலருக்கும் ஏறி இறங்குவது. அது இறங்கும்வரை பக்கத்தில் ஓர் ஆளும், அந்தப் பொருளுக்கும் அவருக்கும் நடுவே இடைவெளியும் தேவை.

இனி உங்களைப் பற்றி. இப்படி ஓர் இரவைக் கழித்துவிட்டு, அடுத்த ஷிஃப்ட்காரரிடம் இரண்டு வரி சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போவதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் முதலில் வேலையை விட்டுப் போகிறார்கள். மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசும் நேரம் சலுகை அல்ல, பணியின் ஒரு பகுதி. அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று உங்கள் பொறுப்பாளரிடம் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.