கடலூர் பக்கம் கூட்டாட்சி, புதுச்சேரி பக்கம்?

(காட்சி: கடலூர் – புதுச்சேரி சாலை, ஓடும் பேருந்தின் முன்கண்ணாடி வழியாக)

கடலூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அரசாங்கம் மாறிவிடும். முள்ளோடை தாண்டியதும் பெட்ரோல் விலை வேறு, சரக்கு விலை வேறு, முதல்வரும் வேறு. திரும்பி வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மதுவின் மீதான கலால் வரியையும் பெட்ரோல் மீதான வாட் வரியையும் அந்தந்த அரசே முடிவு செய்கிறது. அதனால்தான் இந்த விலை வித்தியாசம். "இதுதானே கூட்டாட்சி" என்று நீங்கள் சொன்னால், பாதிதான் சரி. அந்த எல்லையின் ஒரு பக்கம் கூட்டாட்சி. மறுபக்கம் இருப்பது, சட்டப்படி பார்த்தால், ஒற்றையாட்சிக்கு ரொம்ப நெருக்கமானது.

(காட்சி: பிரான்ஸ் வரைபடம்)

எத்தனை அரசுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒற்றையாட்சி நாட்டிலும் மாகாண சபை இருக்கும், மேயர் இருப்பார், தேர்தல் நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கீழே இருக்கும் அரசின் அதிகாரத்தை மேலே இருக்கும் அரசு தானாகவே பறித்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் ஒற்றையாட்சி, முடியாது என்றால் கூட்டாட்சி.

பிரான்ஸில் முடியும். ஐரோப்பாவில் உள்ள பிரான்ஸில் 22 மண்டலங்கள் இருந்தன. 2016 தொடக்கத்தில் அவை 13 ஆகிவிட்டன. பாரிஸ் நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டமே அதற்குப் போதுமானதாக இருந்தது. பிரிட்டனிலும் அப்படித்தான். லண்டன் மாநகரத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலையே 1986-இல் மார்கரெட் தாட்சர் அரசு கலைத்துவிட்டது. இலங்கையில் 1987-க்குப் பிறகு மாகாண சபைகள் வந்தன. ஆனாலும் அரசியலமைப்பின் 2-ஆம் பிரிவு அதை ஒற்றையாட்சி நாடு என்றே சொல்கிறது. காணி (அதாவது நிலம்), போலீஸ் அதிகாரங்கள் இன்றும் காகிதத்தில்தான் இருக்கின்றன.

அதற்காக ஒற்றையாட்சி என்றால் சர்வாதிகாரம் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸும் ஜப்பானும் ஜனநாயக நாடுகள்தான்.

கூட்டாட்சியில் மாநிலத்துக்கு அதிகாரம் தருவது மத்திய அரசு அல்ல, அரசியலமைப்பு. பட்டாவில் உங்கள் பெயரும் இருப்பதற்கும், குத்தகைக்கு உழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் அந்த மாநிலச் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும். வாஷிங்டன் தனியாக எதுவும் செய்ய முடியாது.

(காட்சி: தமிழ்நாடு, புதுச்சேரி சட்டமன்றக் கட்டடங்கள் அருகருகே)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் எழுதியிருக்கிறது. எந்தெந்த விஷயத்தில் மாநிலம் சட்டம் போடலாம் என்று சொல்வது அதிலுள்ள மாநிலப் பட்டியல். மாநிலப் பட்டியலிலிருந்து ஒரு பொருளை எடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், பாதி மாநிலங்களாவது ஒப்புதல் தர வேண்டும். மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு 1976-இல் கல்வி போனதும் அப்படித்தான். அது நெருக்கடி நிலைக் காலம் என்பதால் எதிர்ப்புக் குரல் எழும்பவில்லை, அது வேறு கதை.

புதுச்சேரியின் கதை இப்படி இல்லை. அது மாநிலம் அல்ல, மத்திய அரசின் கீழ் உள்ள யூனியன் பிரதேசம். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் போட்ட யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தில்தான் இந்தச் சட்டமன்றமே பிறந்தது. மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களில் அது சட்டம் போடலாம். ஆனால் அதே விஷயத்தில் புதுச்சேரிக்காக நாடாளுமன்றமும் சட்டம் போடலாம். அரசியலமைப்பின் 246(4) பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேர் போக, மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். புதுச்சேரி அரசைக் கேட்க வேண்டியதில்லை, அந்த மூன்று பேரும் நம்பிக்கை இல்லாத் தீர்மானத்தில்கூட வாக்களிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 30 பேர் கொண்ட சபையில் மூன்று ஓட்டு என்பது ஆட்சியையே புரட்டிவிடும். மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் முதல்வரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

(காட்சி: இந்திய வரைபடம், தெலங்கானாவும் ஜம்மு காஷ்மீரும் வண்ணம் மாறுகின்றன)

இதைக் கேட்டுவிட்டுக் கடலூர்க்காரர்கள் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். நம் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி எந்த மாநிலத்தின் எல்லையையும் நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்புதல் தேவையில்லை. ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்று நிராகரித்த பிறகும் 2014-இல் தெலங்கானா பிறந்தது. 2019-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம் என்ற தகுதியையே இழந்து இரண்டு யூனியன் பிரதேசங்களாக ஆனது. அறிஞர் கே.சி. வேர் இந்தியாவை அரைக் கூட்டாட்சி என்று சொன்னது சும்மா இல்லை.

மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரிச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. முடிவு டெல்லியின் கையில். 1963 சட்டம் புதுச்சேரிக்கு மட்டும் வந்ததல்ல. இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா எல்லாம் அதே சட்டத்தில்தான் சட்டமன்றம் பெற்றன. இமாச்சலம் 1971-இல் மாநிலமானது, மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல், கோவா 1987-இல். அந்தச் சட்டத்தின் கீழ் இன்னும் ஆட்சி நடத்துவது புதுச்சேரி மட்டும்தான்.