காலிச் சாக்கும் கேழ்வரகுக் களியும்

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தாவரவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட வேளாண் அலுவலர் அவர்களே, சால்வை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே (சால்வைக்குப் பதில் ஒரு படி கேழ்வரகு கொடுத்திருக்கலாம், சிரிக்கிறார், அடுத்த ஆண்டு பார்ப்போம்), விடுதிக் காப்பாளர் அவர்களே, உங்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம், காரணம் பிறகு தெரியும், ஒலிபெருக்கியோடு போராடும் தம்பி, மாணவச் செல்வங்களே!

'தாவர வளர்சிதை மாற்றத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் கடத்திப் புரதங்கள்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பு; கடத்திகள் அதன் வாசல் புரதங்கள். மூன்று செய்திகள் சொல்வேன்: வாசல், கேழ்வரகு, இரும்பு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்கள். உங்கள் பாடப்புத்தகம் சாமியைப் பற்றித்தான் பேசுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உணவு எரியும் கிரெப்ஸ் சுழற்சியை வட்டம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறீர்கள். அந்த வட்டத்துக்குள் பொருள் எப்படி நுழைந்தது, செய்த சரக்கு எப்படி வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் பெரிய ஓட்டைகள் உண்டு; சந்தைக்குப் போவதுபோல் சிறு மூலக்கூறுகள் போய்வரும். உட்சவ்வு அப்படி இல்லை. புரோட்டான்களை ஒருபுறம் தேக்கி, அந்த அழுத்தத்தில்தான் ஆற்றல் நாணயம் அடிக்கப்படுகிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தேக்கிய நீர் கசிந்தால் ஏரி எதற்கு? அதனால் உட்சவ்வு இறுக மூடியிருக்கிறது, ஆள் பார்த்துத் திறக்கும் புரத வாசல்களோடு. கடுகுக் குடும்பத்துச் செடியான அராபிடாப்சிஸில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கடத்திகளே ஏறத்தாழ 58 இருக்கின்றன. ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மூடும். இரண்டும் ஒருசேரத் திறப்பதே இல்லை.

இவற்றில் பெரிய பூசாரி, நாணயம் மாற்றுபவர். அந்த ஆற்றல் நாணயத்தின் பெயரில் ஒரு சங்கடம். மூன்று பாஸ்பேட் உள்ளதும் ஏடிபி, இரண்டு உள்ளதும் தமிழில் எழுதினால் ஏடிபி! நான் நிறை ஏடிபி, காலி ஏடிபி என்கிறேன். ஒரு காலி உள்ளே வந்தால்தான் ஒரு நிறை வெளியே போகும்.

இதை நான் கல்லூரியில் படிக்கும் முன்பே ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் படித்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஏரி நிரம்பிய வருடம் அது. அப்பா மாட்டுவண்டியில் நெல்லோடு போனார், நான் மேலே உட்கார்ந்திருந்தேன். நெல் நல்ல நெல், எடைக்கல் தயார், சுமைதூக்குபவர்கள் துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார்கள். பட்டியல் எழுத்தர் சொன்னார்: "சாக்கு வரவில்லை." எப்போது வரும்? "வரும்போது வரும்." களத்தில் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். முதல் இரவு பனி. அப்பா தன் வேட்டியை அவிழ்த்து நெல்மேல் போர்த்திவிட்டு, துண்டோடு குளிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் ஊருக்குள் மளிகைக் கடை மளிகைக் கடையாக அலைந்து ஒன்பது சர்க்கரைச் சாக்கு வாங்கிவந்தோம். "இந்த அளவுச் சாக்கு செல்லாது." மூன்றாம் நாள் லாரியில் சாக்கு வந்தது. அப்பா சாமி கும்பிட்டார். எழுத்தர் கருவியை நெல்லுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல். காயவைத்துக் கொண்டுவாருங்கள்."

சிரிக்கிறீர்கள். அப்பா அன்று சிரிக்கவில்லை. வண்டி திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: சாமி வரம் கொடுத்தாலும்... ஆம், நீங்களே முடித்துவிட்டீர்கள்.

செல்லிலும் இதுதான் நடக்கிறது. காலி ஏடிபி வரவில்லை என்றால் நிறை ஏடிபி உள்ளேயே குவியும்; புரோட்டான் தேக்கம் நிரம்பி வழிய, சர்க்கரையை எரிக்கும் வேலையே மந்தமாகும்.

இப்போது கேழ்வரகு. நெல் இலையில் ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவுக்குப் பதில் அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தவறைத் திருத்தக் கிளைசின் என்ற அமினோ அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும், செரின் என்ற இன்னொரு அமினோ அமிலம் வெளியே வர வேண்டும். இரண்டு கிளைசின் ஒரு செரினாகும்போது ஒரு கரியமில வாயு நழுவிவிடும். வெயில் ஏற ஏற நஷ்டம் கூடும்.

நம் கேழ்வரகு கெட்டிக்காரி. இலை நரம்பைச் சுற்றிய உறைச் செல்களில் பெரிய பெரிய மைட்டோகாண்ட்ரியாக்களை அடுக்கி வைத்திருக்கிறாள். இலை பிடித்த கரியமில வாயுவைச் சுமந்துவரும் அஸ்பார்டிக் அமிலம் அவற்றின் வாசல் வழியே உள்ளே போய், மாலிக் அமிலமாகி, அங்கேயே கரியமில வாயுவை விடுகிறது. ரூபிஸ்கோவின் மூக்கடியில் வாயு குவிகிறது. ஆக்சிஜனுக்கு இடமே இல்லை. பகல் முழுவதும் இலை பிடிக்கும் கார்பனில் பெரும்பங்கு இந்த வாசல்களைத் தாண்டித்தான் போகிறது. சுவாசத்துக்கு மட்டும் என்று நாம் நினைத்த உறுப்பை ஒளிச்சேர்க்கைக்கு வேலை வாங்குகிறாள்! நம் தண்டுக்கீரையும் இதே வழிதான். வாயு உள்ளேயே குவிவதால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டாம்; அதனால்தான் குறைந்த நீரில் கேழ்வரகு நிற்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசி பக்கத்தில் நிற்க முடியுமா?

2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் கிருஷ்ணகிரி மண்ணில் விளையும் கேழ்வரகு இந்தக் கல்லூரி விடுதிச் சமையலறைக்குள் மட்டும் நுழையவில்லை. போன ஆண்டே கல்லூரி முதல்வர் அவர்கள் சரி என்றார்கள். பிறகு சமையல்காரருக்குக் களி கிண்டத் தெரியாது என்றார்கள், பிறகு துடுப்பு இல்லை என்றார்கள். பழமொழியை மறுபடி சொல்லவில்லை. காப்பாளர் அவர்களுக்கு இரண்டு வணக்கம் போட்டிருக்கிறேன்.

இரும்பைப் பற்றி... துண்டுச்சீட்டு வந்துவிட்டது. நெல்லில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்பு கொண்டுபோகும் கடத்தியை 2011இல் கண்டார்கள், அது முற்றிலும் இல்லாத நாற்று பிழைப்பதில்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

வாரம் இரண்டு நாள் களி, கூடவே கீரைக் கடையல். மனுவை மேசைமேல் வைத்திருக்கிறேன், காப்பாளர் அவர்களே. துடுப்பு காரில் இருக்கிறது, எங்கள் வீட்டுத் துடுப்பு. பேனா இதோ.